நினைவுச் சட்ட நல்கை

நினைவுச் சட்ட நல்கை என்பது மறைந்த ஒருவரின் பெயரில் நிதி திரட்டி, குடிமை உரிமை வழக்குகளை எடுத்து நடத்தும் இளம் வழக்கறிஞருக்குச் சில ஆண்டுகள் மாத ஊதியம் வழங்கும் ஏற்பாடு ஆகும். இவ்வகை வழக்குகளில் கட்சிக்காரர் பெரும்பாலும் கட்டணம் தர இயலாதவர்.

புதுச்சேரியில் இதற்குப் பொருத்தமான பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. பிரெஞ்சு ஆட்சியில், 1873இல், ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்திற்குள் சென்றதற்காக வழக்கறிஞரான அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பாரிசிலிருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று வென்றார். (அவ்வளவு தொலைவு வழக்கைக் கொண்டுசெல்லப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.)

புதிதாகத் தொழிலுக்கு வருவோரின் வருமானம் இன்றும் குறைவே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, 2024இல் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. இத்தொகையைத் தருபவர் சீனியர் என்பதால், வழக்கைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. நல்கை பெறுபவர் அந்தத் தேர்வைத் தாமே செய்யலாம்.

அமெரிக்காவில் 2021இல் தொடங்கிய மார்ஷல்-மோட்லி திட்டம், இரு கறுப்பின வழக்கறிஞர்களின் பெயரைத் தாங்கியது. சட்டப் படிப்புச் செலவை ஏற்று, பதிலுக்குத் தென்மாநிலங்களில் 8 ஆண்டுகள் உரிமை வழக்குகளில் பணியாற்றக் கோருகிறது.

நிதியை அறக்கட்டளையாகப் பதிவு செய்து, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவது நல்லது. ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் தர ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகும். 7 விழுக்காடு வட்டி கிடைத்தால் சுமார் 26 லட்சம் ரூபாய் வைப்பு தேவை.