பார்ட்டி ஃபைல்: அன்றும் இன்றும்

சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் தூக்கம் கிடையாது. தோத்தாபுரி ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வாசலில் வரிசை கட்டி நிற்கும். நான் அப்படியோர் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். பழம் ஒரு வாசலில் வரும், கடிதம் இன்னொரு வாசலில் வரும். இரண்டில் எது தேங்கினாலும் நஷ்டம்தான்.

1990களின் தொடக்கம். தபால் வந்ததும் எங்கள் குமாஸ்தா ஐயா உறைகளைக் கத்தரியால் ஓரம் நறுக்குவார். தேதி முத்திரை குத்துவார். இன்வர்ட் ரிஜிஸ்டரில் வரிசை எண் எழுதி, அதே எண்ணைக் கடிதத்தின் மூலையில் சிவப்பு மையால் போடுவார். பிறகு அலமாரியிலிருந்து அந்தப் பார்ட்டியின் ஃபைலை இறக்கி, பஞ்சிங் மெஷினில் இரண்டு ஓட்டை போட்டு, டேக் கயிற்றில் கோத்து முடிவார். நாங்கள் அனுப்பும் பதிலின் கார்பன் காப்பி அதன்மேல் ஏறும். ஃபைலைப் புரட்டினால் அந்த வியாபாரியோடு நமக்குள்ள உறவு முழுவதும் தேதி வாரியாகக் கிடைக்கும்.

ஒருநாள் ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம். லெட்டர்ஹெட் புதிது, கையெழுத்தும் புதிது, நம் கடித எண்ணும் குறிப்பிடவில்லை. 3.1 கிலோ டின்கள் சில உப்பிப்போயிருந்தன என்று இரண்டே வரிப் புகார். ஐயா ஒருமுறை படித்தார். "இது போன சீசன் இரண்டாவது கன்டெய்னர்ப்பா. கம்பெனி கைமாறியிருக்கும்" என்று சொல்லிப் பழைய ஃபைலை எடுத்தார். அவர் சொன்னது சரி. அந்த அலமாரியின் சாவி இரும்பில் இல்லை, அவர் நினைவில் இருந்தது. அவர் ஊருக்குப் போன வாரத்தில் ஒரு விசாரணைக் கடிதம் வேறு ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. அது கண்ணில் பட்டபோது சீசன் முடிந்துவிட்டது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் ஆலைக்கும் மெயில் வந்தது. உண்மையில் அந்த இடைக்காலம்தான் கொடுமை. காகிதத்துக்கு ஃபைல் இருந்தது, மெயிலுக்கு எதுவும் இல்லை. ஒவ்வொருவர் இன்பாக்ஸிலும் ஒரு துண்டு. விலை பேசியவர் ஒருவர், சாம்பிள் அனுப்பியவர் இன்னொருவர். மேனேஜர் வேலையை விட்டுப் போனால் வாடிக்கையாளரின் வரலாறே அவரோடு போய்விடும். வெளிநாட்டுக்காரர் போனில் "நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறோம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மெயிலைத் தானே கொண்டுபோய் வாடிக்கையாளர் பதிவில் சேர்க்கும் மென்பொருள்கள் வந்தன. 1996ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி 2009ல் பெயர் மாறிய ஜோஹோ, தன் வாடிக்கையாளர் மென்பொருளை 2005ல் வெளியிட்டது. இன்று திருப்பதியை ஒட்டிய ரேணிகுண்டாவிலேயே அந்த நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கிறது. ரயில் மாறுவதற்காக மட்டுமே நாங்கள் இறங்கிய ஊர் அது.

மென்பொருள் செய்வது ஐயா செய்த வேலையைத்தான். மெயில் வந்ததும் அனுப்பியவரின் முகவரியைப் பார்க்கிறது. அதே முகவரி எந்தப் பதிவில் இருக்கிறதோ அதன் கீழ் மெயிலைக் கோத்துவிடுகிறது. சிலவற்றில், நாம் அனுப்பும் மெயிலின் பிசிசியில் மென்பொருள் தந்த தனி முகவரி ஒன்றைப் போட்டால் போதும், ஒரு நகல் பதிவில் ஏறிவிடும். அந்தப் பிசிசியில் உள்ள சிசி என்பதே கார்பன் காப்பியின் சுருக்கம்தான். அந்த நீலத் தாள் இன்னும் சாகவில்லை.

"தங்கள் கடித எண், எங்கள் கடித எண்" என்று அன்று எழுதினோமே, அதற்கும் வாரிசு உண்டு. ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாள எண் ஒன்று இருக்கிறது. பதில் அனுப்பினால் மூல மெயிலின் எண்ணும் அதோடு சேர்ந்து வரும். 1982ல் வகுத்த மின்னஞ்சல் விதிகளிலேயே இதற்கு இடம் இருந்தது. மைக்ரோசாஃப்டின் வாடிக்கையாளர் மென்பொருளில் பொருள் வரியின் கடைசியிலேயே ஓர் எண்ணை ஒட்டும் வசதி உண்டு. அனுப்பியவர் யாராக இருந்தாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய பேச்சோடு சேர்த்துவிடும்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. பழைய சித்தூர் மாவட்டத்தின் பார்ட்டிகள் பலருக்கு விலாசத்தில் மாவட்டப் பெயர் மாறியது. அன்றாக இருந்தால் ஐயா ஃபைல் ஃபைலாக லேபிள் மாற்றியிருப்பார். மெயில் முகவரி மாறாததால் மென்பொருள் துளியும் தடுமாறவில்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் தடுமாறும் இடங்களும் உண்டு. ஒரு புரோக்கர் பத்து வியாபாரிகளுக்காக ஒரே முகவரியிலிருந்து எழுதுவார். பத்துப் பேர் விஷயமும் புரோக்கர் பெயரிலேயே குவியும். திருப்பதியில் உள்ள ஓர் ஆடிட்டரின் முகவரி நான்கு கம்பெனிப் பதிவுகளில் இருந்தால் ஒருவருடைய கணக்கு மற்றவர் பதிவில் ஏற வாய்ப்புண்டு. அது ரகசியம் கசியும் வழி. வாங்குபவர் வீட்டிலிருந்து சொந்த ஜிமெயிலில் எழுதினால் மென்பொருளுக்கு அவர் அந்நியர். உப்பிய டின்னைப் படித்துக் கன்டெய்னரைச் சொன்ன அறிவு முகவரி ஒப்பிடும் முறைக்குக் கிடையாது.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் தினமும் மாலையில் எங்கும் சேராத மெயில்களை மட்டும் திறந்து படிக்கிறாள். "அண்ணா, இது சேரலை. நம்ம பழைய பார்ட்டிதான், நான் கையால போட்டுடறேன்" என்றாள். கால் மணி நேர வேலை. எல்லாம் தானாக நடக்கிறதே என்று முதலாளிகள் முதலில் வெட்டும் வேலையும் இதுதான். வெட்டாதீர்கள்.

வியாபாரத்துக்கு மெயில் எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய மெயிலுக்கு ரிப்ளை அழுத்திப் புது விஷயத்தை எழுதாதீர்கள். பொருள் வரியில் ஒப்பந்த எண்ணைப் போடுங்கள்.