நடைப்பயணமும் காலில் வரும் கொப்புளமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையும், நேயர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்களும்)



தைப்பூசம் நெருங்கும்போது காவடி, பால்குடம், விரதம் என்று நிறைய பேசுகிறோம். இவை அனைத்தையும் சுமந்து செல்கிற காலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கிளினிக் நாற்காலிகளைப் பார்த்தால் அந்தக் குறை தெரியும். குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் விரல்நுனியில் நடந்து வருகிறவர்கள், கொப்புளத்தைக் கிழித்துவிட்டு மஞ்சள் பூசி வருகிறவர்கள் என்று வரிசை நீளும்.

கோலாலம்பூர் துன் எச்.எஸ்.லீ சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி ரதம், மறுநாள் பத்துமலையைச் சேர்கிறது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ரதம் நின்று நின்றுதான் நகரும். பின்னால் வருகிறவர் நடக்கிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகமாகக்கூட இருக்கும். பிறகு 272 படிகள். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான், ஆனால் காவடியின் பாரம் சேரும்போது அந்த 3 கிலோமீட்டரும் சிறிய தூரமல்ல.

ஆண்டு முழுவதும் காரிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து கார் என்று வாழ்கிற கால்களை ஒரே இரவில் 15 கிலோமீட்டர் நடக்கச் சொல்கிறோம். கால் எதிர்ப்புக் காட்டாமல் என்ன செய்யும்?

கொப்புளம் எப்படி உண்டாகிறது?

'செருப்பு தோலைத் தேய்த்துவிட்டது' என்கிறோம். அது முழு உண்மையில்லை. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலது கை ஆள்காட்டி விரலை இடது புறங்கையில் நன்றாக அழுத்தி, வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். விரலோடு தோலும் சேர்ந்து நகர்கிறது. அடியில் உள்ள எலும்பு அசையாமல் இருக்கிறது. நடக்கும்போது இதே விஷயம் தலைகீழாக நடக்கிறது. தோல் காலுறையிலோ தரையிலோ ஒட்டி நிற்கிறது, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேல்தோலின் அடுக்குகள் இழுபடுகின்றன. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு, மேல்தோலுக்குள்ளேயே ஓர் அடுக்கு கிழிகிறது. அந்தக் கிழிசலில் அடியிலிருந்து நீர் ஊறுகிறது. அதுதான் கொப்புளம்.

உள்ளங்கால், குதிகால், விரல்களின் ஓரம் ஆகிய இடங்களில் தோல் தடிப்பாகவும், அடியோடு இறுகவும் இருப்பதால் அங்கேதான் கொப்புளம் அதிகம். மெல்லிய தோல் உள்ள இடத்தில் கொப்புளத்துக்குப் பதில் நேராகச் சிராய்ப்பு வந்துவிடும்.

இதில் ஈரம் பெரிய விஷயம். காய்ந்த தோல் வழுக்கும். வியர்வையில் ஊறிய தோல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இழுவிசை கூடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய காலணிக்குள் கால் ஒரு மணி நேரத்திலேயே நனைந்துவிடுகிறது. ரதத்தின் பாதையிலோ தேங்காய்த் தண்ணீர், பன்னீர், மழைத்தண்ணீர் எல்லாம் சேர்ந்து சாலையே ஈரமாக இருக்கும்.

ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்

விரதத்துக்கு 48 நாள் ஒதுக்குகிறவர்கள் காலுக்கும் அதே நாள்களை ஒதுக்கலாம். முதல் வாரம் தினமும் 20 நிமிடம், பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் ஒரு நாளாவது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நடந்து பார்க்க வேண்டும். மிதமான உரசல் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது தோல் தானாகத் தடிக்கும். திடீர் உரசல் கிழிக்கும். அதே காரணத்தால், திருவிழாவுக்கு முதல் நாள் அழகு நிலையத்துக்குப் போய் குதிகாலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்வது வேண்டாத வேலை. நகத்தை மட்டும் மூன்று நான்கு நாளுக்கு முன்பே நேர்கோடாக வெட்டிவிடுங்கள். ஓரங்களை வளைத்து வெட்டினால் சதைக்குள் ஏறும்.

வேண்டுதல் இல்லாமல் ரதத்தோடு நடக்கிறவர்கள் காலணி போடலாம். ஆனால் தைப்பூசத்துக்கென்று புதுக் காலணி வாங்கி அன்றைக்கே போடாதீர்கள். புதுச் சட்டை போடலாம், புதுக் காலணி ஆகாது. மாலை வேளையில் வாங்குங்கள், ஏனெனில் மாலைக்குள் கால் சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் மட்டும் உள்ளே ஏறி இறங்கக்கூடாது. ஜப்பான் சிலிப்பர் வசதிதான், ஆனால் 15 கிலோமீட்டருக்கு அது ஆகாது. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. முதல் இரு விரல்களுக்கு நடுவில் புண், கெண்டைக்காலில் வலி, இரண்டும் வரும்.

காலுறையில் பருத்தி நல்லது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். சாதாரண நாளுக்குச் சரி. நெடுந்தூர நடைக்குப் பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டர், நைலான் கலந்த விளையாட்டுக் காலுறையோ மெல்லிய கம்பளிக் காலுறையோ ஈரத்தை வெளியே கடத்தும். மெல்லியது ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று என்று இரண்டு போடுவது பழைய இராணுவப் பழக்கம். உரசல் இரண்டு துணிகளுக்கு நடுவே நடந்துவிடும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்; பாதி வழியில் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். அன்று எடுத்துச் செல்லும் பொருள்களில் அதிகம் பயன்படுவது அதுதான்.

நாடா, வாசலின், வியர்வைத் தடுப்பான்

மருந்துக்கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மெல்லிய காகித சர்ஜிக்கல் டேப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல நாள் நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களில் 128 ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து, முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். நாடா ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. புறப்படுவதற்கு முன், காய்ந்த, சுத்தமான தோலில், வழக்கமாக உங்களுக்குப் புண் வருகிற இடத்தில் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே கொப்புளத்தை உண்டாக்கும். வெறுங்காலில் ஈரச் சாலையில் நடக்கிறவருக்கு இது நெடுநேரம் நிற்காது. காலுறைக்குள் இருக்கிறவருக்குத்தான் முழுப் பயன்.

வாசலின் தடவுவது நம்மவர்களுக்குப் பிடித்த முறை. தடவியவுடன் உரசல் குறைவது உண்மை. ஒரு மணி நேரத்தில் அந்தப் பயன் போய்விடுகிறது, மூன்று மணி நேரத்தில் உரசல் முன்பைவிடக் கூடிவிடுகிறது. ஆகவே தடவினால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும்.

அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பானை அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சோதித்து 1998இல் எழுதினார்கள். 21 கிலோமீட்டர் நடையில், தடவாதவர்களில் 48 விழுக்காட்டினருக்குக் கொப்புளம் வந்தது. முறையாகத் தடவியவர்களில் 21 விழுக்காடு. நல்ல பலன்தான். ஆனால் தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தோல் எரிச்சல் வந்தது. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

எது செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றை மறக்க வேண்டாம். கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் 'சுள்'ளென்று சுடும். அப்போதே நின்று, உட்கார்ந்து, துடைத்து, நாடா ஒட்டினால் பெரும்பாலும் அதோடு போய்விடும். 'அடுத்த சந்திப்பு வரை போய்விடலாம்' என்று கூட்டத்தோடு நடந்தால் அடுத்த சந்திப்பில் கொப்புளம் இருக்கும்.

வெறுங்காலில் நடக்கிறவர்கள்

இவர்களுக்குக் காலணியின் உரசல் இல்லை. ஆனால் தார்ச்சாலை இருக்கிறது. காற்றில் 33 பாகை வெப்பம் இருக்கும் நண்பகலில் தார் 50 பாகையைத் தாண்டிச் சுடும். அது கொடுப்பது தீக்காயக் கொப்புளம். முடிந்தால் இரவிலோ விடியற்காலையிலோ நேர்த்திக்கடனை முடித்துவிடுங்கள். உடைந்த தேங்காய் ஓடு, கம்பித் துண்டு, கண்ணாடிச் சில்லு எல்லாம் சாலையில் இருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரிலும் சாக்கடை ஓரத்திலும் கால் வைக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர் புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும்.

நேயர் கேள்விகள்

முதல் கேள்வி ஒரு சகோதரியுடையது. "என் மாமியாருக்கு 15 ஆண்டுகளாக இனிப்பு நீர். வெறுங்காலில் பத்துமலைக்கு நடப்பேன் என்கிறார். போன ஆண்டும் நடந்தார், வலிக்கவே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார். விடலாமா?"

சகோதரி, 'வலிக்கவே இல்லை' என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வருகிறது. நெடுநாள் இனிப்பு நீர் காலின் நரம்புகளை மெல்ல மெல்ல மரக்க வைக்கும். வலி என்பது காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் கொப்புளம் உடைந்ததும் தெரியாது, ஓடு குத்தியதும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தப் புண் ஆறாது. விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் பலருக்குத் தொடக்கம் இப்படி ஒரு சின்னப் புண்தான். ஹஜ் காலத்தில் சுடுதரையில் வெறுங்காலில் நடந்து, சுட்டதே தெரியாமல் பாதம் வெந்துபோன நீரிழிவு நோயாளிகளைப் பற்றியும் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் உங்கள் விரலால் மெதுவாக ஓரிரு விநாடி தொடுங்கள். குத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்லட்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் வெறுங்கால் நடை வேண்டாம், உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஆறும் தெரிந்தாலும், 15 ஆண்டு நோய் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டே முடிவெடுங்கள்.

வேண்டுதலை என்ன செய்வது என்பது அவருக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு. நான் அதில் தலையிட முடியாது. ஆலய குருக்களிடம் கேளுங்கள். கொமுட்டர் ரயில் பத்துமலை வாசல் வரை போகிறது. மூடிய காலணியோடு ரயிலில் வந்து தரிசனம் செய்யும் வழியும் இருக்கிறது என்று மட்டும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினையன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்கிறவர்களும் நடைக்கு முன் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

இன்னொரு நேயர், "கொப்புளத்தை உடைக்கலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

சிறியது, வலியில்லை என்றால் தொடாதீர்கள். மேலே உள்ள தோலைவிட நல்ல கட்டு கிடையாது. அடியில் இரண்டு நாளில் புதுத்தோல் உருவாகத் தொடங்கி, ஐந்து நாள் அளவில் மேல்படலம் வந்துவிடும். பெரியதாக, நடக்கவிடாமல் வலித்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் ஒரு சிறு துளை போட்டு நீரை மட்டும் வெளியேற்றுங்கள். தோலைக் கிழித்து எடுக்கக்கூடாது. சுத்தமான பிளாஸ்டர் போட்டு தினமும் மாற்றுங்கள். மஞ்சள், சுருட்டுச் சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் தாங்களே ஊசி எடுக்கவே கூடாது.

சின்னக் கொப்புளம்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1924இல் அமெரிக்க அதிபராக இருந்த கெல்வின் கூலிட்ஜின் மகன், 16 வயது, வெள்ளை மாளிகைத் திடலில் காலுறை இல்லாமல் டென்னிஸ் விளையாடினான். கால்விரலில் கொப்புளம். கிருமி இரத்தத்தில் ஏறி, ஒரு வாரத்தில் இறந்துபோனான். நாட்டின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்; பெனிசிலின் கண்டுபிடிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இன்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போக வேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு தெரிந்தால், காய்ச்சல் அடித்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒருவர், "கொப்புளம் இல்லை, ஆனால் மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தால் குதிகால் குத்துகிறது" என்கிறார். அது தோலின் பிரச்சினை அல்ல. குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை உறைய வைத்து, துணி சுற்றி, பாதத்தின் அடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.