அகல்காட்சிப் படங்களை இணைக்கும் மென்பொருள்கள்

பரந்து கிடக்கும் காட்சியொன்றை முழுவதும் ஒருங்கே காண விழைதல் மனித இயல்பாகும். எடின்பரோ நகரில் வாழ்ந்த றொபேட் பாக்கர் என்னும் ஓவியர், சுற்றுப்புறம் முழுவதையும் வட்டச் சுவரொன்றில் தீட்டிக் காட்டும் முறைக்கு 1787ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அத்தகைய ஓவியங்களைக் காட்டுதற்கென்றே 1793ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வட்ட மண்டபமொன்றும் அவரால் திறக்கப்பட்டது. ‘முழுவதும்’, ‘காட்சி’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைப் புணர்த்து ஆக்கப்பட்ட ‘பனோரமா’ என்னும் பெயர் அவ்வோவியங்களுக்கே முதலில் வழங்கிற்று. அதனை ஈண்டு அகல்காட்சி என்போம்.

இன்று அத்தகைய படத்தை ஆக்குதற்கு ஓவியப் புலமையும் வேண்டா. வட்ட மண்டபமும் வேண்டா. சாதாரணக் கமராவால் அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கணினி மென்பொருள் ஒன்றாகப் பொருத்தித் தருகின்றது. ஆயின், அம்மென்பொருள்களுட் சில விலை மிக்கன. சில காலந்தோறும் கட்டணம் வேண்டுவன. சில விலையின்றியே கிடைப்பன. விலை மிக்கதே சிறந்தது எனக் கருதி, அதனை வாங்க இயலாதோர் களவுப் பிரதியை நாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்கு யாதொரு தேவையும் இல்லை என்பதை இக்கட்டுரை காட்ட முயலும்.

மென்பொருள் செய்யும் தொழில்

எந்த மென்பொருளாயினும் அது செய்யும் தொழில் மூன்று படிகளில் அமையும். முதலாவது, இரு படங்களுக்கும் பொதுவான புள்ளிகளைக் கண்டறிதல். கூரையின் மூலை, யன்னலின் விளிம்பு போன்ற தனித்தன்மை வாய்ந்த இடங்களை இரு படங்களிலும் தேடி, இதுவே அதுவெனக் கணினி துணிகின்றது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை, படம் சிறுத்தாலும் பெருத்தாலும் திரும்பியிருந்தாலும் புள்ளிகளை இனங்காணும் ஆற்றலுடையதாய் இத்துறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. இரண்டாவது, அப்புள்ளிகள் ஒன்றன்மேலொன்று பொருந்துமாறு படங்களைத் திருப்பியும் வளைத்தும், வில்லையினால் நேர்ந்த கோணலை நீக்கியும் ஒழுங்குபடுத்தல். மூன்றாவது, பொருத்துவாய் கண்ணுக்குப் புலனாகாவாறு நிறத்தையும் ஒளியையும் கலத்தல். இதற்குப் பேட், அடெல்சன் என்னும் இருவர் 1983ஆம் ஆண்டிற் கூறிய வழியே இன்றும் பெருவழக்காகும். நுண்ணிய கோடுகளைக் குறுகிய எல்லையிலும், பரந்த நிறவேறுபாட்டை அகன்ற எல்லையிலும் கலத்தல் அவ்வழியின் சாரமாகும்.

இம்மூன்று படிகளுக்கும் உரிய அறிவு பெரும்பாலும் ஆய்வேடுகளில் வெளியாகி, யாவர்க்கும் பொதுவாய் உள்ளது. ஆகவே விலை மிகுதியால் மட்டும் ஒரு மென்பொருள் பிறிதொன்றைக் கணிதத்தில் விஞ்சிவிடுமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

விலையுள்ளனவும் விலையற்றனவும்

ஜேர்மன் நாட்டுப் பேராசிரியர் ஹெல்முட் டேர்ஷ் என்பார் 1998ஆம் ஆண்டில் ‘பனோரமா ரூல்ஸ்’ என்னும் கருவித்தொகுதியை விலையின்றி வழங்கினார். அது வல்லமை மிக்கதாயினும், கையாளுதற்கு அரியது. அதற்கு எளிய முகப்பாக எழுந்தனவே இன்று இத்துறையிற் புகழ்பெற்று விளங்கும் இரண்டும். அவற்றுள் ‘பி.ரி.குயி’ நெதர்லாந்தில் ஆக்கப்படுவது; விலைக்கு விற்கப்படுவது. விரைவும் ஒழுங்கும் உடையதாகலின், இத்தொழிலாற் பொருளீட்டுவோர்க்கு அதன் விலை விரைவில் மீளும். மற்றையது ‘ஹூகின்’. பாப்லோ டி ஆஞ்சலோ என்பவரால் 2003ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற அது, மூலநிரல் திறந்ததும் விலையற்றதுமாகும். விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். அதன் சொற்கள் முதலில் மருட்டக்கூடும். சில மணிநேரப் பயிற்சி வேண்டும். செலுத்தவேண்டிய விலை அவ்வுழைப்பே.

‘போட்டோஷொப்’ மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. ஆயின் அது கட்டணத் தவணையில் வழங்கப்படுவது; வேறு பணிகளுக்காக அதனை ஏற்கெனவே வைத்திருப்போர்க்கன்றி, இதன்பொருட்டு மட்டும் அதனைப் பெறுதல் சிக்கனமாகாது.

விலையற்றன யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதும் கருதற்பாலது. மைக்கிரோசொப்ட் ஆய்வுப்பிரிவு இலவசமாக வழங்கிய ‘இமேஜ் கொம்போசிற் எடிற்றர்’ மிக எளியதாய்ப் பலராலும் விரும்பப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் நிறுவனம் அதனை வளர்ப்பதையும் வழங்குவதையும் நிறுத்திவிட்டது. மூலநிரல் வெளியிடப்படாமையால், அதனைப் பேணிக் காக்கப் பிறர்க்கும் வழியில்லை. மூலநிரல் திறந்ததாயின், ஒருவர் விட்ட இடத்தினின்று மற்றொருவர் தொடரலாம். இன்றைய விலையை மட்டுமன்றி, பத்தாண்டின் பின்னும் நம் கோப்பு திறக்குமா என்பதையும் நோக்கித் தேர்தலே அறிவுடைமை.

தேர்வோர் வினவவேண்டியவை நான்கு. கணினி தவறாகப் பொருத்திய புள்ளிகளை நாமே திருத்த இயலுமா? செய்த வேலையைச் சேமித்து மீண்டும் தொடர இயலுமா? தரங்குறையாத ‘ரிஃப்’ வடிவிற் படத்தைப் பெற இயலுமா? நம்மிடமுள்ள கணினியில் அது இயங்குமா? இந்நான்கிற்கும் ‘ஹூகின்’ ஆமென விடையிறுக்கின்றது.

படம்பிடிப்போன் பொறுப்பு

எனினும், எம்மென்பொருளும் திருத்த இயலாத குறைகள் படம் எடுக்கும்பொழுதே நேர்வன. ஒரு விரலை முகத்தின்முன் நிறுத்தி, இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாறிமாறி நோக்கினால், பின்னணியில் விரல் இடம்பெயர்வது தோன்றும். கமராவை இடம்பெயர்த்துத் திருப்பும்பொழுதும் இவ்விடமாறு தோற்றமே நிகழ்கின்றது. தூரத்து மலையையோ திறந்த வெளியையோ எடுக்குங்கால் இதனால் இடரில்லை. தூண்கள் அணித்தாக நிற்கும் மண்டபத்திலோ, தூண் இரண்டாய்ப் பிளந்து தோன்றும். உடலைச் சுழற்றாது, வில்லையையே அச்சாகக் கொண்டு கமராவைச் சுழற்றுதல் இதற்குப் பரிகாரமாகும்.

படத்துக்குப் படம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஒன்றையொன்று மேவுதல் வேண்டும். 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்ட உணரியுள்ள கமராவில், 24 மி.மீ. குவியத்தூரமுடைய வில்லையை இட்டு நெடுக்காகப் பிடித்தால், அகலவாட்டில் 53 பாகை அளவு காட்சி அகப்படும். 36 பாகைக்கு ஒரு படமாக எடுப்பின், பத்துப் படங்களில் முழுவட்டமும் நிறையும். ஒளியளவு, வெண்மைச் சமநிலை, குவியம் ஆகியவற்றை முதற்படத்திலேயே நிலைநிறுத்திவிடல் வேண்டும். இவற்றைக் கமராவின் போக்கில் விட்டால், வானம் படந்தோறும் நிறம் மாறிக் கலத்தற்கு அரிதாகும்.

கல்லூரியின் பழைய கட்டடங்கள் இடிபட்டுப் புதியன எழுங் காலத்தில், அவற்றின் தோற்றத்தை முழுமையாகப் பதிந்து வைத்தல் பின்வருவோர்க்கு நாம் செய்யும் கடனாகும். அதற்கு வேண்டுவன ஒரு கமராவும், ஒரு முக்காலியும், விலையற்ற ஒரு மென்பொருளும், பொறுமையுமே. பொருளில்லாமை இதற்குத் தடையன்று என்பதை மாணவர் உணர்வாராக.