பழைய புல்லட்டில் கரண்ட் எங்கே தொலைகிறது?

பழைய புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன வட்ட மீட்டர் இருக்கும். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். இது ஆம்பியர் மீட்டர். வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கி, பெயின்ட், குரோம் என்று செலவழிக்கிறவர்கள் பலரும் இதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். முள் ஆடாவிட்டாலும் கவலைப்படுவதில்லை. ஆனால் நட்டநடு ரோட்டில், ஒரு ஸ்பானர்கூட எடுக்காமல், கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டிவிடக்கூடிய கருவி அது.

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியது 1955-ல். திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட புல்லட்டுகளில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பேட்டரி, காயில், சி.பி. (காண்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட் என்ற ஏற்பாடுதான் இருந்தது. 1910-ல் காடிலாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் செய்து கொடுத்த இக்னிஷனும் அடிப்படையில் இதுவே. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். திறந்த கணத்தில் அது அறுபட்டு, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாக விழும். கம்ப்யூட்டர் எதுவும் இதில் இல்லை. அதனால் எந்தக் கோளாறையும் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்.

வண்டி கிளம்பவில்லையா? விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். உதைக்க வேண்டாம். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் மூன்று, நான்கு ஆம்பியர் அளவு சாய வேண்டும். திறக்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஆடினால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை வழி சரியாக இருக்கிறது. காயிலின் மறுபாதி, பிளக் வயர், பிளக் கேப், பிளக், கண்டென்சர், டைமிங் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் கரண்ட் பாயிண்டுக்கு வந்து சேரவில்லை: ஃபியூஸ், சாவி, ஏதோ ஒரு கனெக்‌ஷன், அல்லது கரி படிந்து ஒட்டாமல் நிற்கும் பாயிண்டே காரணம். மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதற்கு ஃபீலர் கேஜ் வேண்டும், கண்ணளவு போதாது.

கண்டென்சர் மிகவும் ஏமாற்றுகிற சாமான். வண்டி கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் இருமி நின்றுவிடும். டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். பாவம், எல்லாரும் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். இன்ஜின் ஓடும்போது பாயிண்ட் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே பளிச்பளிச்சென்று வெள்ளைப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. பழையதைத் துண்டித்து, நல்லதொரு கண்டென்சரை வெளியிலேயே பாயிண்டுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். புதிதாக வாங்கியதே மட்டமாக அமைவதும் உண்டு. ஓடிக்கொண்டிருந்த நல்ல பழையது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். காயிலும் இதேபோல் சூட்டில் படுத்துக்கொள்ளும், ஆனால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான் விழ வேண்டும்.

இதையெல்லாம் சொன்னாலும், என் அனுபவத்தில் பழைய வண்டியில் பழுதானது பெரும்பாலும் பொருளே அல்ல, இணைப்புதான். 6 வோல்ட் வண்டிகளில் இதன் பாதிப்பு இன்னும் அதிகம். 30 வாட் ஹெட்லைட் பல்புக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 2.5 போதும். களிம்பேறிய ஒரு கனெக்டரில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தால், 6 வோல்ட் வண்டியில் சுமார் 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். "6 வோல்ட் என்றாலே மங்கல்தான்" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்தக் கனெக்டரைத் தேய்த்துப் பார்த்ததில்லை. சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் செம்பு இன்னும் சீக்கிரம் பச்சை பூக்கும்.

இதைப் பிடிக்க மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைக்காதீர்கள். கரண்ட் ஓடாத நேரத்தில், ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் நல்ல வயர் போலவே காட்டும். வோல்ட்டில் வையுங்கள். லைட்டை எரியவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் வயரிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் அப்படியே தேடிக்கொண்டே போகலாம். ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே பாருங்கள்: கழுத்தில் வளைந்து வளைந்து வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

புதுப்பித்த வண்டிகளில் இன்னொரு வம்பு. ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் அடித்தபின் கரண்ட் திரும்பிப் போக உலோகத்தோடு உலோகம் தொடுவதில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் ஹாரன் அடித்தால் இன்ஜின் திக்கும். ரெக்டிஃபையரையும் காயிலையும் புதிதாக மாற்றியிருந்தார். இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு தடித்த எர்த் வயர் இழுத்ததும் எல்லாம் அடங்கியது. பழைய காயில் நன்றாகவே இருந்தது, பாவம், அதற்குள் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

சார்ஜிங்குக்குக் கணக்கு எளிது. ஓய்வில் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். இன்ஜின் வேகமெடுத்தால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் ரெக்டிஃபையரைக் குறை சொல்லுமுன், பிரைமரி செயின் மூடிக்குள்ளிருந்து ஆல்டர்னேட்டர் வயர் வெளிவரும் இடத்தைப் பாருங்கள். செயினில் உரசி உறை தேய்ந்திருக்கலாம். பேட்டரி மாற்றும்போது எந்த முனை எர்த் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றிக் கொடுத்தால் டயோடு அந்தக் கணமே போய்விடும். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சமாளிப்பது கொடுமையான பழக்கம். ஷார்ட் இருந்தால் அடுத்து எரிவது ஹார்னஸ், அதற்கு மேலே இருப்பது பெட்ரோல் டேங்க்.

அடுத்த முறை வண்டி நின்றால், பாகம் வாங்கச் சென்னையின் புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ கிளம்புமுன் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். எர்த் இருக்கும் இடங்களையெல்லாம் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். மொத்த வயரிங்கையும் வெட்டி எறிந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் உடனே சம்மதிக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், எந்த நிற வயர் எங்கே போகிறது என்று முதலில் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கும் அது வேண்டும்.