பக்கவாத்தியம் சமவாத்தியமான கதை

வயலின் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கச்சேரி மேடையே. நடுவே பாடகர், ஒரு புறம் வயலின், மறு புறம் மிருதங்கம். பாடகர் ராகத்தை விரிக்குங்கால் வயலின் நிழல்போல் பின்தொடரும். அவர் ஓயுமிடத்தில் தானும் சிறிது விரித்துக் காட்டிவிட்டு மீண்டும் அடங்கும். தனிக்கச்சேரி நிகழ்த்திப் புகழ் கொண்ட வயலின் மேதைகள் நம்மிடையே பலர் தோன்றியுள்ளனர் எனினும், பக்கவாத்தியம் என்ற பெயரே இக்கருவிக்கு நம் நாட்டில் முதலில் வாய்த்தது.

இக்கருவி நமக்கு மேனாட்டிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் இதனைப் பயின்று, நம் சங்கீதத்துக்கு இசைவித்தார். வந்த இடத்தில் பக்கவாத்தியமாய் அமர்ந்த இக்கருவி, பிறந்த இடத்தில் எந்நிலையில் இருந்தது? அங்கே அதுவே அரசு, பியானோ அதற்கு ஏவல் என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. வயலின் அங்கும் ஒரு காலத்தில் பக்கவாத்தியமாகவே இருந்தது. பின்னரே சமவாத்தியமாக உயர்ந்தது. அவ்வுயர்வின் வரலாறு, வயலின் சொனாட்டாக்கள் என்னும் அரிய படைப்புகளில் பதிந்து கிடக்கின்றது. அவற்றுள் தலைசிறந்த சிலவற்றை நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொனாட்டா என்பது யாது?

இத்தாலிய மொழியில் சொனாட்டா என்பதற்கு ‘ஒலிக்கப்படுவது’ என்று பொருள். வாயால் பாடப்படும் கான்டாட்டாவினின்று பிரித்துக் காட்டவே, கருவியில் வாசிப்பதற்கு இப்பெயர் இட்டனர். காலப்போக்கில் இது மூன்று அல்லது நான்கு பகுதிகள் கொண்ட படைப்பாக வளர்ந்தது. பெரும்பாலும் முதற்பகுதி விரைவும், இடைப்பகுதி நிதானமும், இறுதிப்பகுதி துள்ளலும் உடையதாய் அமையும்.

முதற்பகுதியின் அமைப்பை அறிந்து கொண்டால் கேட்பது எளிதாகும். குணத்தால் வேறுபட்ட இரண்டு கருத்துகள் முதலில் அறிமுகமாகும். இரண்டும் வெவ்வேறு சுருதியில் நிற்கும். பின்னர் அவை உடைக்கப்பட்டு, பிணைக்கப்பட்டு, ஒன்றோடொன்று மோதிப் பல சுருதிகளில் அலையும். முடிவில் இரண்டும் முதற்சுருதிக்கே வந்து சேரும். நம் சங்கீதத்தில் ஆதார சுருதி கடைசிவரை அசையாது. அங்கோ அது நகர்ந்து சென்று திரும்புகின்றது. வெளியூர் சென்றவர் வீடு திரும்பும்போது உண்டாகும் நிறைவே, அவ்விசையைக் கேட்போர்க்கு இறுதியில் உண்டாகும் நிறைவு.

முன்னோடிகள் இருவர்

1700ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஆர்க்காஞ்செலோ கொரெல்லி பன்னிரண்டு வயலின் சொனாட்டாக்களை வெளியிட்டார். அவற்றில் வயலினே தலைமை தாங்கியது. கீழே மந்திர ஸ்வரங்களின் வரி ஒன்று மட்டும் எண்குறிகளோடு எழுதப்பட்டிருக்கும். ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் அதைப் பார்த்து மற்ற ஸ்வரங்களைத் தம் மனோதர்மப்படி இட்டு நிரப்ப வேண்டும்.

ஜெர்மனியில் ஜொஹான் செபாஸ்டியன் பாக் வேறு வழி கண்டார். ஹார்ப்சிகார்டும் வயலினும் சேர்ந்து வாசிப்பதற்கென அவர் இயற்றிய ஆறு சொனாட்டாக்களில், ஹார்ப்சிகார்டின் பங்கைப் பெரும்பாலும் முழுமையாகவே எழுதி வைத்தார். வலக்கை ஒரு குரல், இடக்கை ஒரு குரல், வயலின் ஒரு குரல் என மூவர் உரையாடுவதுபோல் அவை செல்லும். துணையே இல்லாத தனி வயலினுக்கென மூன்று சொனாட்டாக்களும் மூன்று பார்ட்டிட்டாக்களும் அவர் இயற்றினார். அவர் தம் கையாலேயே எழுதிய பிரதியில் 1720 என்னும் ஆண்டு காணப்படுகின்றது. இரண்டாம் பார்ட்டிட்டாவின் இறுதியில் வரும் ‘ஷகோன்’ என்னும் பகுதி, ஒரு சிறு அடித்தளத்தைத் திரும்பத் திரும்ப வைத்து ஏறத்தாழ கால்மணி நேரம் விரிவது. ஒரே கருவியிலிருந்து பல கருவிகள் ஒலிப்பதாக நம் செவி மயங்கும்.

செல்வர் வீட்டுக் கூடத்தில்

பாக் 1750இல் மறைந்தார். அதன்பின் காலத்தின் சுவை மாறியது. வசதி படைத்த இல்லங்களில் பியானோ இடம் பிடித்தது. வீட்டுப் பெண்மக்கள் அதனைப் பயின்றனர். வில் பிடிக்கத் தெரிந்த உறவினரோ நண்பரோ அருகில் நின்று துணை வாசிப்பார். ஆகவே வெளியீட்டாளர்கள், ‘வயலின் துணையுடன் பியானோ சொனாட்டா’ என்று தலைப்பிட்டே நூல்களை விற்றனர். அவற்றுள் பலவற்றில் வயலினை நீக்கினாலும் பாட்டுக்குப் பெரும் குறை நேராது. 1764இல் பாரிஸ் நகரில் எட்டு வயதுச் சிறுவனின் முதல் நூல் அச்சேறியபோது, அதுவும் இவ்வகையினதாகவே இருந்தது. அச்சிறுவனே மோஸார்ட்.

வளர்ந்தபின் அவர் இந்நிலையை மாற்றினார். 1778இல், வேலை தேடித் தாயுடன் பாரிஸ் சென்றிருந்தார். வேலை கிட்டவில்லை, ஜூலை 3ஆம் நாள் தாய் அவ்வூரிலேயே இறந்தார். அவ்வாண்டில் அவர் இயற்றிய ஈ மைனர் சொனாட்டா இரண்டே பகுதிகள் கொண்ட சிறு படைப்பு. தொடக்கத்தில் இரு கருவிகளும் ஒரே இசையை ஒருங்கே, துணை ஸ்வரம் எதுவுமின்றி எடுக்கின்றன. இரண்டாம் பகுதியின் நடுவே, துயரம் சற்று விலகி, பிரார்த்தனை போன்ற மென்மையான ஓர் இசை பியானோவில் எழுகின்றது. வயலின் அதைப் பின்னர் ஏற்கின்றது. இவ்விடத்தில் வயலினை நீக்கிவிட முடியுமா? முடியாது.

1784ஆம் ஆண்டு ஏப்ரலில் வியன்னாவுக்கு ரெஜினா ஸ்டிரினாஸாக்கி என்னும் இத்தாலிய இளநங்கை கச்சேரி செய்ய வந்தார். அவருடைய வயலின் வாசிப்பின் உணர்ச்சிப் பெருக்கைத் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மோஸார்ட் போற்றியுள்ளார். அவருடன் வாசிப்பதற்கென பி பிளாட் சொனாட்டாவை இயற்றினார். நேரம் போதவில்லை. நங்கையின் பங்கை முழுதும் எழுதித் தந்துவிட்டு, தம் பங்கை நினைவிலிருந்தே வாசித்தார். இன்றும் பாதுகாக்கப்பட்டு வரும் அக்கைப்பிரதியில், பியானோ வரிகள் வேறு மையில், இருந்த இடத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். வயலினின் பங்கு முதலில் எழுதப்படும் காலம் வந்துவிட்டது!

காலை எட்டு மணிக் கச்சேரி

பீத்தோவன் பத்து வயலின் சொனாட்டாக்கள் இயற்றினார். 1801இல் தோன்றிய ஐந்தாவது, ‘வசந்தம்’ என்ற பெயரால் வழங்குவது, இனிமையே உருவானது. ஒன்பதாவதோ புயல். அதன் பின்னணி நாம் மறக்கத் தகாதது.

ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்பவர் 1778இல் போலந்து நாட்டில் பிறந்தவர். ஆப்பிரிக்க வழியினரான தந்தைக்கும் ஐரோப்பியத் தாய்க்கும் மகன். இளம்பருவத்திலேயே பாரிஸிலும் லண்டனிலும் வாசித்துப் புகழ் பெற்றார். 1803இல் அவர் வியன்னா வந்தபோது, பீத்தோவன் அவரோடு நெருங்கிப் பழகி, அவருக்காக ஒரு சொனாட்டா எழுதத் தொடங்கினார். காதுகேளாமை தம்மைப் பற்றி வருவதை அறிந்து பீத்தோவன் மனம் நொந்திருந்த காலம் அது.

மே 24ஆம் நாள் காலை எட்டு மணிக்குக் கச்சேரி. அன்று விடியுமுன் நாலரை மணிக்குத் தம் மாணாக்கர் ரீஸை அழைத்து, முதற்பகுதியின் வயலின் வரிகளைப் படியெடுக்கச் சொன்னார் பீத்தோவன். இரண்டாம் பகுதிக்கோ படியெடுக்க நேரமே இல்லை. பிரிட்ஜ்டவர் பீத்தோவனின் கைப்பிரதியைப் பார்த்தே வாசித்தார். முதற்பகுதியில் ஓரிடத்தில் பியானோ தனியே மேலும் கீழும் விரைந்தோடும். அதைக் கேட்ட பிரிட்ஜ்டவர், நம் மேடையில் பாடகரின் கற்பனை ஸ்வரத்துக்கு வயலின் மறுமொழி சொல்வதுபோல், எழுதாததைத் தம் வில்லால் அக்கணமே எதிரொலித்தார். பீத்தோவன் துள்ளி எழுந்து அவரைத் தழுவி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் என்று பிரிட்ஜ்டவரே பின்னாளில் குறித்து வைத்தார்.

இத்துணை அன்பும் நிலைக்கவில்லை. ஒரு பெண்ணைக் குறித்து எழுந்த வார்த்தைத் தகராற்றில் இருவரும் பிரிந்ததாகப் பிரிட்ஜ்டவர் முதுமையில் கூறினார். 1805இல் சொனாட்டா அச்சேறியபோது அவர் பெயர் அதில் இல்லை. பிரெஞ்சு வயலின் வித்துவான் ரொடோல்ஃப் கிராய்ட்சருக்கு அது காணிக்கையாக்கப்பட்டிருந்தது. கிராய்ட்சரோ அதனைப் பொதுமேடையில் வாசித்ததே இல்லை என்பர். ஆயினும் உலகம் முழுவதும் அதனைக் ‘கிராய்ட்சர் சொனாட்டா’ என்றே அறியும். 1889இல் டால்ஸ்டாய் அப்பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதி அதனை மேலும் நிலைநிறுத்தினார். பிரிட்ஜ்டவர் 1860இல் லண்டனில் காலமானார்.

பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் ஊரில் உழைத்து வாழும் நமக்கு இவ்வரலாறு சற்று ஆழமாகவே தைக்கும். ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. தலைப்புப் பக்கத்திலிருந்து பெயரை நீக்கலாம். இசையிலிருந்து மனிதரை நீக்க முடியாது. தனி வயலின் முதல் அடியை எடுக்க, பியானோ அதற்கு மறுமொழி கூறத் தொடங்கும் அச்சொனாட்டாவின் வயலின் பங்கு, தமக்கு நிகரான ஒருவரைக் கண்ட மகிழ்ச்சியில் பீத்தோவன் எழுதியது. பக்கவாத்தியம் என்ற சொல்லுக்கு அதில் இடமே இல்லை.

துயருக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று

பிராம்ஸ் நமக்கு விட்டுச் சென்ற வயலின் சொனாட்டாக்கள் மூன்று. முதலாவது 1879இல் நிறைவுற்றது. அவருடைய வாழ்நாள் தோழியும் பியானோ மேதையுமான கிளாரா ஷூமானின் கடைசி மகன் பீலிக்ஸ், பிராம்ஸின் ஞானமகன், வயலின் பயின்றவன். அவ்வாண்டு பிப்ரவரியில் 24 வயதில் நோயால் இறந்தான். சொனாட்டாவின் நிதானமான பகுதியின் தொடக்க வரிகளை எழுதி, தாம் அவளையும் பீலிக்ஸையும் எவ்வளவு நினைக்கின்றார் என்பதை அவை சொல்லும் என்று பிராம்ஸ் கிளாராவுக்கு அனுப்பினார். இறுதிப்பகுதியில், மழையைப் பற்றித் தாம் முன்னர் இசையமைத்திருந்த பாட்டின் மெட்டை எடுத்தாண்டார். பியானோவில் தூறல் ஓயாது விழுந்துகொண்டிருக்கும். துக்க வீட்டில் உரக்கப் பேசாமல் அருகில் வந்து அமரும் உறவினரைப் போன்றது இப்படைப்பு.

சீசர் பிராங்க் இயற்றிய ஏ மேஜர் சொனாட்டாவோ ஒரு திருமணப் பரிசு. 1886 செப்டம்பரில், வயலின் மேதை யூஜின் இசாயியின் மணநாளன்று, மணமகனிடம் அதன் பிரதி அளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஓவியக்கூடம் ஒன்றில் அது பொதுமேடை ஏறியது. மாலை இருட்டத் தொடங்கியது. ஓவியங்களைக் காக்கும்பொருட்டு அங்கு விளக்கேற்ற அனுமதி இல்லை. இசாயியும், பியானோ வாசித்த லெயோந்தின் போர்த்-பேன் அம்மையாரும் நிறுத்தவில்லை. தாள் தெரியாத இருளில் நினைவிலிருந்தே வாசித்து முடித்தனர். அதன் இறுதிப்பகுதியில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும்; சற்றே பின்னால் வயலின் அதே மெட்டைத் தொடரும். பின்னர் முறை மாறும். முன் செல்பவர் யார், பின் வருபவர் யார் என்பதே மறந்துபோகும் அவ்வின்பம், இல்லறத்துக்கு இசையால் எழுதிய இலக்கணமன்றோ!

கேட்கும் முறை

முன்பு இவ்விசையைக் கேட்க இசைத்தட்டுகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கின்றன; குறைவது நம் பொறுமை ஒன்றே. தொடங்குவோர் முதலில் மோஸார்ட்டின் ஈ மைனரைக் கேட்கலாம். கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து ‘வசந்தம்’, அதன்பின் பிராங்க், பிராம்ஸ் என்று செல்லலாம். கிராய்ட்சருக்கு ஏறத்தாழ முக்கால்மணி நேரத்தை ஒதுக்கி வைத்தல் வேண்டும். முதல் முறை வயலினை மட்டும் பின்பற்றுங்கள். இரண்டாம் முறை பியானோவை மட்டும். மூன்றாம் முறை, ஒன்று மற்றொன்றுக்கு எங்கே வழி விடுகின்றது என்று கவனியுங்கள்.

வீட்டில் குழந்தைகள் நம் முறையில் வயலின் பயில்கின்றனர் என்றால், அவர்களையும் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யலாம். நம்மவர் அமர்ந்து, கருவியின் தலைப்பைக் காலில் ஊன்றி, தந்திகளை ஸ-ப-ஸ-ப எனச் சேர்ப்பர். அவர்கள் தோளில் தாங்கி, ஒவ்வொரு தந்தியையும் அடுத்ததற்குப் பஞ்சமமாகச் சேர்ப்பர். கமகத்தை அங்கே தேடினால் ஏமாற்றமே எஞ்சும். ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அழகைத் தேடினால் கை நிறையக் கிட்டும். 1952இல் நம் நாட்டுக்கு வந்து நம் சங்கீதத்தை நேசிக்கக் கற்ற யெஹூதி மெனுஹின், தம் தங்கை ஹெப்சிபாவின் பியானோவுடன் பல்லாண்டுகள் சொனாட்டாக்களை வாசித்தவர். உடன்பிறந்தோர் இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும் அப்பழக்கத்தை அவ்வொலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம்.

ஒருவர் முன்னே நிற்க மற்றவர் பின்னே நிற்பது ஒரு வகை அழகு. நம் கச்சேரி மேடை அதன் சிறப்பை நன்கு அறியும். இருவர் சமமாய் நின்று, வாங்கியும் கொடுத்தும் ஒரே பொருளை முடிப்பது வேறு வகை அழகு. ஒரே கருவி இவ்விரண்டையும் உலகுக்கு வழங்கியுள்ளது. ஒன்றை அறிந்த நாம் மற்றொன்றையும் அறிந்து இன்புறுவோமாக!