'ஸ்ட்ராங்கா இருக்குமா?'

பாத்திரக் கடையில் எந்தச் சாமானை எடுத்தாலும் விரலால் சுண்டிப் பார்த்து, "ஸ்ட்ராங்கா இருக்குமா?" என்று கேட்பது என் மனைவியின் வழக்கம். "யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதும்மா!" என்றார் கடைக்காரர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எதைத் தாங்குற ஸ்ட்ராங்னு கேளு" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆனால் கேள்வி நியாயமானது. கண்ணாடிச் சில்லால் செம்புக் குடத்தில் பேர் எழுதலாம். செம்புக் கம்பியால் கண்ணாடியில் ஒரு கீறல்கூடப் போட முடியாது. கீறலுக்கு மசியாத இந்தக் குணம்தான் கடினத்தன்மை.

அப்போ கண்ணாடிதான் ஜெயித்ததா? இரண்டையும் பரணிலிருந்து தள்ளிப் பாருங்கள். குடம் சொட்டை விழுந்து உருளும். கண்ணாடியைத் துடைப்பத்தால் அள்ள வேண்டியதுதான்! செம்பு வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்கிறது. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் சரசரவென்று ஓடிப் பிளந்துவிடும். உடையாமல் அடி தாங்குவதை இன்ஜினீயர்கள் 'டஃப்னெஸ்' என்பார்கள்.

மூன்றாவதுதான் பொல்லாதது. கட்டுக்கம்பியை ஒரு தரம் வளைத்தால் ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் இப்படியும் அப்படியுமாகப் பல தரம் மடக்குங்கள்... 'டக்'! இது உலோகக் களைப்பு.

விளையாட்டு இல்லை, சார். 1952-ல் பயணிகள் சேவைக்கு வந்த முதல் ஜெட் விமானம் பிரிட்டனின் 'காமெட்'. 1954 ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு காமெட்கள் இத்தாலிக்கு அருகே நடுவானில் சிதறின. 56 பேர் பலி. விமானம் மேலே போகும்போதெல்லாம் உள்காற்றின் அழுத்தத்தில் அதன் உடல் உப்பும், இறங்கினால் தளரும். ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அதே மாதிரி அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057-வது தடவை, உடல் கிழிந்தது. முதல் தடவை அதே அழுத்தத்தை அலட்சியமாகத் தாங்கிய தகடுதான்!

இதையெல்லாம் கடையிலேயே சொல்லி முடித்தேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. டிபன் கேரியரை எடுத்து, கைப்பிடியை மேலும் கீழுமாக ஆட்ட ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்று பதறினார் கடைக்காரர்.

"இருங்க, முப்பதுதான் ஆச்சு. இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கு!"