72 கி.மீ. தொலைவைக் கடக்க 11 நிமிடம் போதுமா? திப்ருகர் – பாசிகாட் வான்வழிப் பயணக் கணக்கு

அசாம் மாநிலம் திப்ருகர் விமான நிலையத்துக்கும் அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு சுமார் 72 கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் தரைவழியில் செல்வோர் பிரம்மபுத்திராவைக் கடந்து, தேமாஜி மாவட்டத்தைச் சுற்றி, ஏறக்குறைய இருமடங்கு தொலைவு பயணிக்க வேண்டும்.

இந்தத் தடத்தில் 2022 ஏப்ரல் 12 அன்று அலையன்ஸ் ஏர் நிறுவனம் 17 இருக்கைகள் கொண்ட டோர்னியர் 228 விமானத்தை இயக்கியது. இந்தியாவில் தயாரிக்கப்பட்ட டோர்னியர் விமானம் ஒன்றின் முதல் வணிகப் பயணம் அது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் கான்பூர் ஆலையில் உருவான இவ்விமானம் மணிக்கு ஏறக்குறைய 400 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது.

அவ்வாறெனில் 72 கி.மீ. தொலைவை 11 நிமிடங்களில் கடந்துவிடலாம் என்று தோன்றும். நடைமுறை வேறு. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், இறங்கி மீண்டும் நிற்பது வரையிலான நேரமே கால அட்டவணையில் பயண நேரமாகக் கணக்கிடப்படுகிறது. ஓடுபாதையை அடைதல், மேலேறுதல், தரையிறங்குவதற்காகத் திரும்புதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். நீண்ட தடங்களில் இவை பொருட்டல்ல. குறுகிய தடத்திலோ பறக்கும் நேரத்தைவிட இவையே மிகுதி. முழு வேகத்தை எட்டியதும் இறங்கத் தொடங்கும் நிலைதான்.

பயணியின் கணக்கு இன்னும் நீளமானது. திப்ருகர் நகரிலிருந்து மோகன்பாரியில் உள்ள விமான நிலையம் சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், சாலையைவிட மிச்சமாவது சொற்ப நேரமே. 4.94 கி.மீ. நீளமுள்ள போகிபீல் பாலம் 2018 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்டபின் இந்த வேறுபாடு மேலும் சுருங்கியது. அதற்கு முன்பு ஆற்றைக் கடக்கப் படகையே நம்பியிருக்க வேண்டியிருந்தது.

எனினும் மழைக்காலத்தில் நிலைமை மாறுகிறது. தேமாஜி ஆண்டுதோறும் வெள்ளத்தால் பாதிக்கப்படும் மாவட்டம். திப்ருகரில் உள்ள அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிவரும் கிழக்கு அருணாச்சல நோயாளிகளுக்குச் சாலை துண்டிக்கப்படுவது சிறு இடையூறன்று. ஆனால் மலையடிவாரத்தில் மேகம் தாழ்ந்து விமானம் இறங்க முடியாமல் போவதும் அதே பருவத்தில்தான்.

குறுந்தடங்களுக்கு வழிவகுத்தது, 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் ஒரு விதிவிலக்கு. பொதுவாக 200 முதல் 800 கி.மீ. வரையிலான தடங்களுக்கென வகுக்கப்பட்ட அத்திட்டத்தில், மலைப்பகுதி, தீவு, தொலைதூரப் பகுதி, பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த பகுதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தொலைவு வரையறுக்கப்படவில்லை. சலுகைக் கட்டணத்தால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய மூன்று ஆண்டுகளுக்கு நிதி வழங்கப்படுகிறது.

சிக்கல் அதன்பிறகே தொடங்குகிறது. 17 இருக்கைகளும் நிரம்பினாலும் விமானிகள் ஊதியம், எரிபொருள், பராமரிப்பு ஆகிய செலவுகளைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் குறைவு. உடான் குறித்து 2023-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கையின்படி, ஆய்வுக்குட்பட்ட 774 தடங்களில் 371 மட்டுமே சேவையைத் தொடங்கின. அவற்றுள் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுமையாக நிறைவு செய்தவை 112. 2023 மார்ச் நிலவரப்படி அதற்கு அப்பாலும் நீடித்தவை 54.